க்ளிக் சத்தத்துக்குக் காத்திருந்த கை

காவேரியின் வண்டியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுகிறவர் அதன் மேலேயேதான் உட்கார வேண்டும். பழைய ஆம்னி வேன்கள் அப்படித்தான். சித்திரையில் தொடை வேகும்; மார்கழியில், ஓசூர்ப் பனியில், அதைப் போல ஒரு கணப்பு கிடையாது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த வேன் இப்போது ஆறிய கஞ்சியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

மத்திகிரியில் கங்கப்பன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடுகளில் நான் இருக்கும் அறைக்கு நேர் எதிர் வீடு காவேரியுடையது. நடுவில் நீளமாக ஒரு சிமென்ட் தரை. அதன் கடைசியில் வேன் நிற்கும். விடிவதற்குள் இட்லிக் குண்டானும் புளிசாதமும் கன்னடக்காரர்களுக்காகச் சித்ரான்னமும், சில நாள் ராகிக் களியும் அதில் ஏறிவிடும். சிப்காட் சாலையில் ஒரு புங்கமரத்தடியில் பின்கதவைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பாள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தூக்கம் கண்ணில் இருக்க நின்றபடியே சாப்பிட்டுப் போவார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

அவளும் அப்படி ஷிப்ட் முடிந்து வந்தவள்தான். சிங்காரப்பேட்டைப் பக்கம் மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது முடித்ததும் வாகன பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓசூருக்கு வந்தாள். அசெம்பிளி லைனில் ஓர் இடம் கொடுத்தார்கள். இடப்பக்கத்திலிருந்து கனமான இரும்பு வட்டு ஒன்று வரும். அதில் நான்கு போல்ட். நான்கையும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். அது சாதாரண ஸ்பேனர் இல்லை. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று முன்பே அதில் வைத்துவிடுவார்கள். அந்த இறுக்கம் வந்ததும் கைப்பிடிக்குள் 'க்ளிக்' என்று ஒரு தட்டு. உடனே நிறுத்திவிட வேண்டும். பிறகு போல்ட் தலையிலிருந்து வட்டு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. நாளைக்குப் போல்ட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு போட்டதும் வட்டு வலப்பக்கம் போய்விடும். அடுத்தது வரும்.

முதல் நாள் பயிற்சி கொடுத்தவர் சொன்னதை அவள் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். "க்ளிக் வந்தா நிறுத்து. வராட்டி முறுக்கு. நடுவுல நீ யோசிக்காத. யோசிக்கற வேலய ரெஞ்சு பாத்துக்கும்."

அந்த வட்டு எந்த வண்டியில் போய் எங்கே உட்காருகிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். அவருக்கும் தெரியவில்லை. பெங்களூருக்குப் போகிறது என்றாராம். இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. விடுகதை போட்டவர் விடை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டதைப் போலத்தான் சொல்வாள்.

கேள்வி கேட்பது அவளுடைய சுபாவம். நான் அளவு சரிபார்க்கிற பிரிவில் இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, சாம்பார் ஊற்றிக்கொண்டே, தொடாமல் வெறும் வெளிச்சத்தை வைத்து எப்படித் தம்பி அளக்கறீங்க என்று கேட்பாள். பதில் முடிவதற்குள் சாம்பார் தட்டின் விளிம்புக்கு வந்துவிடும். மிக்சி நின்றுபோனால் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவாள். சரியாகிவிட வேண்டும் என்றுகூட இல்லை, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டபோதுதான் அந்தப் பழைய வேனை வாங்கினாள். அவள் கணவன் பொன்னுசாமி வேறொரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அதிர்ந்து பேசாத ஆள். ஆனால் வேன் அவனுக்குப் பிடிக்கவில்லை. பெண்டாட்டி ரோட்டில் நிற்கிறாள் என்பதல்ல. வண்டி ரோட்டில் நிற்கிறதே என்பதுதான் அவனுடைய கவலை.

அவன் பயந்தது போலவே ஆடியில் வேன் இருமத் தொடங்கியது. சமதரையில் ஒழுங்காக ஓடும். மேடு வந்தால் குலுங்கும், கழுத்தைப் பிடித்து யாரோ பின்னால் இழுப்பது போல. ஒரு நாள் மேம்பால ஏற்றத்தில் ஒரேயடியாக நின்றுவிட்டது. அன்று புங்கமரத்தடியில் யாரும் சாப்பிடவில்லை. பொன்னுசாமி கூட்டி வந்த மெக்கானிக் சீட்டைக்கூடத் தூக்காமல், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, மூன்றாவது சிலிண்டர் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும், இந்த வண்டிக்கு அது தண்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னுசாமி குருபரப்பள்ளியில் ஒரு காயலான் கடைக்காரரிடம் பேசிவிட்டான். திங்கட்கிழமை காலை வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. தன் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள், லைனில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றும் அவளிடம் சொன்னான். திரும்பவும் இடமிருந்து வந்து வலப்பக்கம் போகிற ஏதோ ஒன்று.

காவேரி சண்டை போடவில்லை. ஒரு தடவை நான் பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்று மட்டும் கேட்டாள். அவன் ஒரு நிபந்தனை போட்டான்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆள் ஏத்திக்கினு மலைக்கோயிலுக்கு ஓட்டு. இருமாம ஏறிடுச்சுன்னா நான் வாயே தொறக்கல. நடுவுல படுத்துக்கிச்சுன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் முன்சீட்டைத் தூக்கிச் சாய்த்தபோது கங்கப்பன் வந்து நின்றார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். நிலம் தொழிற்சாலைக்குப் போன பிறகு வாடகையும் வேடிக்கையுமாகப் பொழுது ஓடுகிறது.

"ஏனம்மா, ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்குதே. இப்பவே குளியலா?"

"குளியல் இல்லீங்கண்ணா. வாயத் தொறந்து பல்லு பாக்கறேன்."

பல் என்று அவள் சொன்னது பொருத்தமாகத்தான் இருந்தது. என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பற்றவைக்கிற பொறி ஸ்பார்க் பிளக்கில் இருந்துதான் வருகிறது. சிலிண்டருக்கு ஒன்று என்று அந்த வேனில் மூன்று. ஒவ்வொன்றின் தலையிலும் தடித்த கறுப்பு வயர். மாற்றிச் சொருகினால் என்ஜின் உதைக்கும் என்று போனில் பார்த்துவைத்திருந்தாள். அதனால் ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து வந்து முதல் வயருக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று என்று ஒட்டினாள். பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிச் செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தாள்.

அதைப் பார்க்க நானும் என் கதவை விட்டு இறங்கினேன்.

ஒரே என்ஜினில், ஒரே பெட்ரோலைக் குடித்து, ஒரே சாலையில் வந்த மூன்று பிளக்குகள். இரண்டின் நுனி செங்கல்பொடி நிறத்தில் காய்ந்து இருந்தது. மூன்றாவது மட்டும் கன்னங்கரேல் என்று, அடுப்புக்கு அடியில் இருந்து எடுத்தது போல ஈரமாக இருந்தது. காவேரி அதைத் துணியால் துடைத்துப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கான் பகுதியில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

"சிலிண்டரு போவல தம்பி" என்றாள். "இவன் வெடிச்சிருக்கான். நெருப்பு நுனிக்குப் போவாம இந்த வழியா ஓடிப்போயிடுது. பெட்ரோலு எரியாம நனைஞ்சுக்கினு கெடக்குது."

அவள் முகத்தில் வெற்றி இல்லை. விடுகதைக்கு விடை தெரிந்தவர்களின் முகம் அது.

காலையிலேயே வாங்கி வைத்திருந்த புதுப் பிளக்குகள் மூன்றும் சின்ன அட்டைப்பெட்டிகளில் இருந்தன. பிரித்து எடுத்துவிட்டுப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளினாள். முதல் பிளக்கைக் கையாலேயே திருகினாள். அதன் திருகு வரிகளான மறை சரியாகப் பிடித்து, வழுக்கிக்கொண்டு இறங்கியது. விரலால் முடியாத இடம் வந்ததும் பொன்னுசாமியின் பெட்டியில் இருந்த நீளமான கைப்பிடியை ஸ்பேனரில் மாட்டினாள்.

முறுக்கினாள். நிறுத்தினாள். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தாள், பக்கத்து வீட்டில் யாரோ கூப்பிடுவது கேட்கிற மாதிரி. மறுபடி முறுக்கினாள். மறுபடி சாய்த்தாள். நீளக் கைப்பிடி என்பதால் அவளுக்குப் பலம் போடுவதே தெரியவில்லை. இன்னும் ஒரு முறை.

சட்டென்று ஸ்பேனர் லேசானது. எதையும் பிடிக்காமல் சுற்றியது.

காவேரி கையை எடுத்துக்கொண்டாள். பிளக்கை வெளியே இழுத்தபோது அதன் மறையில் வெள்ளி நூல் போல அலுமினியம் சுற்றிக்கொண்டு வந்தது. பிளக்கைப் பிடித்துக்கொள்ள என்ஜின் தலைக்குள் இருந்த மறை அது. கங்கப்பன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த பொன்னுசாமியிடம் மறை வழிந்துவிட்டது என்று அவளே சொன்னாள். வண்டிக்கா உனக்கா என்று அவன் கேட்டான். வாய்க்கு வந்த கிண்டல். அதற்கு அவள் சிரிக்கவில்லை. எப்படி ஆனது என்றான்.

"க்ளிக் வரலைங்க" என்றாள். "வரும் வரும்னு கை காத்துக்கினே இருந்துச்சு. இது வெறும் ஸ்பேனருன்னு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல."

பொன்னுசாமி அந்த ஸ்பேனரை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய கையும் க்ளிக் கேட்டுப் பழகிய கைதான். அந்த வரிசை வீடுகளில் இருக்கிற பாதிக் கைகள் அப்படித்தான், என்னுடையதையும் சேர்த்து. பிறகு குளிக்கப் போனான். திங்கட்கிழமை ஏற்பாட்டைத் தள்ளிவைக்கவில்லை.

காவேரி அன்றிரவே லேத் பட்டறை மணிவேலுக்குப் போன் செய்தாள். புங்கமரத்தடி வாடிக்கைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் வந்து ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். காவேரியையும் பார்த்தான்.

"என்னாத்துக்குக்கா இவ்ளோ கோவம் இது மேல?"

இடையில் பொன்னுசாமி பேசினான். "கோவம் இல்லப்பா. பழக்கம். நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்."

காவேரி திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் டீ வாங்கக் கிளம்பிவிட்டான்.

மணிவேல் செய்ததைக் காவேரி கண் இமைக்காமல் பார்த்தாள். முதலில் மறை வெட்டுகிற கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பினான். எதற்கு என்று கேட்டாள். வெட்டுகிற தூள் உள்ளே விழாமல் இதில் ஒட்டிக்கொள்ளும் என்றான். பழைய ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மறை வெட்டினான். அதற்குள் உட்கார வைப்பதற்கு ஒரு கம்பிச் சுருளை எடுத்துக் காட்டினான். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் மாதிரிதான் இருந்தது. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் அதுவே இரும்பு மறை. இது அலுமினியத்தைவிட உறுதி, இனி இந்த ஒரு ஓட்டை மட்டும் உங்களுக்கு அப்புறமும் இருக்கும் என்றான். சுருளைத் திருகுகிற கருவியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டதால் திரும்பப் போனான்.

அவன் வருவதற்குள் காவேரி தரையைப் பெருக்கினாள். குப்பையோடு போக இருந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு படம். பிளக்கின் தலையை மேலிருந்து பார்ப்பது போல ஒரு வட்டம். அதைச் சுற்றிப் பாதி வரைக்கும் ஓர் அம்புக்குறி.

அரைச் சுற்று. அவ்வளவுதான்.

இரண்டாவது பிளக்கை எடுத்து, அதன் கழுத்தில் இருந்த வளையத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே வெறுமையான மெல்லிய வளையம். என்னிடமும் கொடுத்து அழுத்தச் சொன்னாள். விரலால் இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்று முறுக்கினால் இந்த வளையம் நசுங்கித் தட்டையாகும், நசுங்கியதுதான் இறுக்கம். க்ளிக்குக்குப் பதிலாக வளையம்.

"சத்தமே போடாம சொல்லுது பாருங்க" என்றாள்.

மணிவேல் கருவியோடு, வளையம் நசுங்கிப்போன முதல் பிளக்குக்குப் பதிலாகப் புதியது ஒன்றும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, சுருளைப் பதித்து முடித்தான். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கிற பம்பால் உள்ளே ஊதிச் சுத்தம் செய்தான். பிளக்கை நானே மாட்டிவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று அவள் கையை நீட்டினாள். இன்னொரு சுருள் பாக்கெட்டில் இருக்கிறது, தாராளமாக முறுக்குங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்து கொடுத்தான்.

அவள் வீட்டுக்குள் போய் நெயில் பாலிஷ் எடுத்து வந்தாள். சிவப்பு. பிளக்கை விரலால் முடிகிற வரை திருகினாள். நீளக் கைப்பிடியை ஒதுக்கிவிட்டுக் குட்டையான ஒன்றை மாட்டினாள். ஸ்பேனரில் தன்னைப் பார்க்கிற பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். பிறகு மெதுவாகத் திருப்பினாள். தலை சாயவில்லை, காது இந்த முறை வேலையில் இல்லை. புள்ளி சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்றதும் கையை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் இறுக்கேன் என்று கை கேட்டிருக்க வேண்டும். விரல்களை விரித்து மூடிக்கொண்டாள். பிளக்கின் தலையிலிருந்து என்ஜின் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள், கம்பெனியில் மஞ்சளால் இழுத்தது போலவே. மூன்றுக்கும் அப்படித்தான். கடைசியில் பொட்டுக் கணக்குப்படி வயர்களைச் சொருகினாள்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் நின்ற இடத்தில் அது எப்போதும் ஒழுங்காகத்தான் ஓடும். மேட்டில்தானே பிரச்சினை.

சாயங்காலம் எடைக்கு ஆள் சேர்த்தாள். முன்னால் பொன்னுசாமி. பின்னால் சீட் கிடையாது என்பதால் பாய் விரித்துக் கங்கப்பன், மணிவேல், நான், கடைசி வீட்டுப் பேச்சியம்மாள். பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கம். மகன் வேலைக்காக இங்கே வந்து இருப்பவர்.

"சாமி பாக்கக் கூப்பிடுதான்னுல்லா பூ வச்சுக்கிட்டு வந்தேன்" என்றார். "எடக்கல்லாட்டம்லா ஏத்துதா."

"எல்லாக் கல்லும் சாமிதான் பெரிம்மா, ஏறுங்க" என்றான் மணிவேல்.

மலைப்பாதை தொடங்கியது. எல்லோரும் முன்சீட்டுக்கு அடியில் இருந்து வருகிற சத்தத்தைக் கேட்டோம். பொன்னுசாமி இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியில் யாரோ தூங்குவது போல அசையாமல் இருந்தான். முதல் வளைவு. காவேரி கியரை இறக்கினாள். சத்தம் கனத்தது, ஆனால் அறுபடவில்லை. முன்பு குலுங்குகிற அளவுக்குச் சரிவு வந்து, போயிற்று.

அடுத்த வளைவில் மேலிருந்து ஒரு கார் நடு ரோட்டில் இறங்கி வந்தது. காவேரி பிரேக்கை மிதித்தாள். வேன் ஏற்றத்தில் நின்றது. நின்ற வேகத்தில் என்ஜினும் அணைந்துவிட்டது.

"நிந்தோய்த்து" என்றார் கங்கப்பன், நின்றுபோயிற்று என்று கன்னடத்தில், மெதுவாக.

கார் ஒதுங்கி இறங்கிப் போனது. காவேரி கணவன் பக்கம் திரும்பவில்லை. கைப்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். பிடித்தது. அவ்வளவு பேரையும் வைத்துக்கொண்டு, சரிவில், நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். சமதரையில் ஓடிவந்து ஏறுவதைவிட இது கடினம் என்று வண்டி ஓட்டத் தெரியாத எனக்கே தெரிந்தது. கைப்பிரேக்கை விட்டாள். வேன் ஒரு விரற்கடை பின்னால் போனது. பேச்சியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு சீட்டுக்கு அடியில் இருந்த மூன்று சிலிண்டர்களும் ஒரே குரலில் சத்தம் போட்டு எங்களைத் தூக்கிக்கொண்டு போயின. கோயில் வாசல் மைதானம் வரைக்கும் ஓர் இருமல் இல்லை.

நடுவில் நின்றதா, இல்லையா? கணக்குப்படி பார்த்தால் நின்றது. யாரும் அதைப் பேசவில்லை. பொன்னுசாமி இறங்கி, கொஞ்ச தூரம் போய், போனை எடுத்தான். கீழே ஊர் முழுக்க விளக்குகள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். காற்று அவன் பேச்சை எங்கள் பக்கம் கொண்டுவந்தது.

"நாளைக்கு வர வேணாங்க... இல்லங்க, வேற ஆளுக்கும் குடுக்கல... ஓடுதுங்க. வீட்ல ஆளு அதுலதான் வேலைக்குப் போவுது."

அந்த நேரத்தில் காவேரி முன்சீட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தில் அடிக்கிற சூட்டோடு உள்ளே குனிந்திருந்தாள். சாமி பார்க்க வந்தாயா, பிளக் பார்க்க வந்தாயா என்று பேச்சியம்மாள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மூன்று சிவப்புக் கோடுகளும் உடையாமல் இருந்தன.

பிறகு அவளைக் காணவில்லை. தரிசனத்துக்குப் போகலாம் என்று தேடினால், மைதானத்தின் மறுகோடியில், கர்நாடகப் பதிவெண் போட்ட சிறிய சரக்கு வண்டி ஒன்றின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் பிரசாதத் தொன்னையோடு நின்று, கன்னடத்தில், என்னம்மா தேடுகிறீர்கள், ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை, பார்க்கிறேன் என்று அவளும் பாதிக் கன்னடத்தில் சொன்னாள்.

பொன்னுசாமி பக்கத்தில் போனதும் அவள் தலையை வெளியே எடுக்காமலே கையை நீட்டினாள்.

"டார்ச்சு அடிங்க. வட்டு ஒண்ணு இருக்குது. அதே அளவு. நாலு போல்ட்டு."

அவன் வேட்டியை மடித்துக்கொண்டு மண்டியிட்டு, போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தான். சேறு காய்ந்து மூடியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றான்.

"தொடச்சுப் பாருங்க" என்றாள். "மஞ்சளா இருக்கும்."

வண்டிக்காரர் தொன்னையைத் தரையில் வைத்துவிட்டு, அவரும் குனிந்தார்.